பத்திரம் ஓர் அளவு, பட்டா ஓர் அளவு: நில அளவை ஆவணத்தில் சட்டப்படி என்னென்ன இருக்க வேண்டும்?

வேப்பமரத்தடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1968ஆம் ஆண்டு கிரயம் வாங்கிய புன்செய் நிலம் ஒன்றை விற்பதற்காக ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். கிரயப் பத்திரத்தில் "சர்வே 114/2 நம்பரில் கிழக்குப் பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட்" என்று எழுதியிருக்கிறது. தற்போதைய பட்டாவில் 114/2பி என்ற உட்பிரிவுக்கு 0.47.00 ஹெக்டேர் என்று இருக்கிறது. வாங்க வருபவர் தனியார் பொறியாளரைக் கொண்டு வரப்புக்கு வரப்பு அளந்து பார்த்ததில் 1 ஏக்கர் 18½ சென்ட் வந்தது. ஒரே நிலத்துக்கு மூன்று அளவுகள் இருப்பதால் அவருடைய வழக்கறிஞர் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டார்.

இணையத்தில் எங்கள் சர்வே நம்பரின் அளவைப் படமான புலப்படத்தை இறக்கிப் பார்த்தேன். எங்கள் உட்பிரிவின் வடக்கு, கிழக்கு, தெற்குப் பக்கங்களில் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. மேற்குப் பக்கத்தில், அதாவது எங்களுக்கும் 114/2ஏ நிலத்துக்காரருக்கும் பொதுவான கோட்டில், எண் எதுவுமே இல்லை. இது குறைபாடுள்ள ஆவணமா? நில அளவை ஆவணம் ஒன்றில் இன்னின்ன விவரங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அலுவலகத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தாளைக் காட்டுகிறார்கள். எது எதற்கு ஆதாரம் என்பதையாவது தெரிந்துகொண்டு போகலாம் என்று இங்கே கேட்கிறேன்.

---

ஓய்ந்த சங்கிலி

அம்மா, நான் நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டப் பிரிவுகளை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். படத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

புலப்படம் என்பது நிலத்தின் ஓவியம் அன்று. நிலத்தில் கல் காணாமல் போனாலும் அதே இடத்தில் திரும்ப ஊன்றுவதற்கான குறிப்பு அது. ஆகவே அதில் இருக்க வேண்டியவை அனைத்தும் அந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், பரப்பு, அளவுவிகிதம் ஆகியவை தலைப்பில் இருக்கும். புலத்தின் வெளிக்கோடுகள், அவை திரும்பும் இடங்களில் உள்ள கற்கள், சுற்றியுள்ள புல எண்கள், கிராம எல்லையாக இருந்தால் அடுத்த கிராமத்தின் பெயர் ஆகியவை படத்தில் இருக்கும். உள்ளே ஜி லைன் எனப்படும் அடிப்படைக் கோடுகள் புலத்தை முக்கோணங்களாகப் பிரித்துச் செல்லும். எல்லைக்கோடு வளைந்தோ உடைந்தோ போகுமிடத்தில், ஜி லைனில் எத்தனையாவது மீட்டரில் நின்று, எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் குத்தளவு (செங்குத்துத் தூரம்) எடுத்தால் அந்த வளைவு கிடைக்கும் என்பது எழுதப்பட்டிருக்கும். இதைத்தான் நாங்கள் லேடர் என்போம். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்துவிட்டால் கோணமானி தேவையில்லை. சங்கிலியும் செங்கோணக் கட்டையும் போதும் என்ற எண்ணத்தில் அமைந்த முறை இது. சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை 1858இல் தொடங்கப்பட்டது. இத்தனை காலம் ஆகியும் கிராமப் புலங்களில் இந்த அடிப்படை மாறவில்லை.

இப்போது உங்கள் மேற்குக் கோடு. அதில் எண் இல்லாதது பிழை ஆகிவிடாது. உங்கள் வடக்குக் கோட்டில், கிழக்கு மூலைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டரில் உட்பிரிவுக் கோடு தொடங்குகிறது என்று ஓர் எண் இருக்கும். தெற்குக் கோட்டிலும் அப்படியே ஓர் எண் இருக்கும். இரண்டு முனைகளும் நிலைத்துவிட்டால் அவற்றை இணைக்கும் நேர்கோடு தானே நிலைத்துவிடுகிறது. அதன் நீளத்தைத் தனியே எழுதுவது மிகை என்று விட்டுவிடுவது உண்டு. ஆனால் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு மடக்கு இருந்து, அந்த மடக்குக்குக் குத்தளவு எழுதப்படவில்லை என்றால் அது உண்மையான குறைபாடு. அந்தப் புள்ளியை எவராலும் நிலத்தில் திரும்பக் காட்ட முடியாது. உங்கள் படத்தில் கோடு நேராக இருக்கிறதா, மடங்குகிறதா?

---

மூன்றாம் வாய்தா

நான் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன். கேள்வியின் சட்டப் பகுதிக்குப் பதில் எழுதுகிறேன், சற்று நீளும்.

அடிப்படைச் சட்டம் 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். 1860இலும் 1897இலும் வந்த பழைய சட்டங்களின் வாரிசு இது. இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமே ஏற்படும். ஏனெனில், புலப்படத்தில் இன்னின்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் எதையும் சட்டம் தரவில்லை. எல்லையைத் தீர்மானித்தல், அளத்தல், பதிவு செய்தல் ஆகியவற்றுக்குத் துணையான எல்லாச் செயல்களும் "அளவை" என்ற சொல்லில் அடங்கும் என்று அது வரையறுக்கிறது. ஆக, சட்டம் பதிவேட்டிடம் கட்டாயமாகக் கேட்கும் பொருள் எல்லை ஒன்றே. அந்த எல்லையை எந்தக் கோட்டால், எந்த எண்ணால், எத்தனை தசமத்தில் காட்டுவது என்பதெல்லாம் விதிகள், துறையின் கையேடுகள், வருவாய் நிலையாணைகள் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தாளைக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

எல்லை எப்படித் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் சட்டம் கறாராக இருக்கிறது. அளவை நடக்கப் போவதை அறிவித்து, நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவர்களை வந்து எல்லையைக் காட்டும்படி அழைக்க வேண்டும். தகராறு இல்லாத எல்லையை 9ஆம் பிரிவின்படி அளவை அலுவலர் தீர்மானித்துப் பதிவு செய்து, பாதிக்கப்படக்கூடிய பதிவுதாரர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். தகராறு இருந்தால் 10ஆம் பிரிவின்படி விசாரித்து, காரணங்களை எழுத்தில் காட்டி ஆணையிட்டு, அந்த ஆணைப்படி எல்லையைப் பதிய வேண்டும். அதற்கு மேல்முறையீடு உண்டு. எல்லாம் முடிந்தபின் 13ஆம் பிரிவின்படி அளவை நிறைவு அறிவிப்பு வெளியாகும். அதன் பிறகு, 14ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படும் வழக்கில் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை அதை மாற்றாத வரையில், அந்த ஆவணத்தில் கண்ட எல்லைகள் சரியாகத் தீர்மானிக்கப்பட்டுச் சரியாகப் பதிவு செய்யப்பட்டவை என்பதற்கு அந்த ஆவணமே முடிவான சான்றாகும்.

இங்கே "எல்லைகள்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கோடு எங்கே ஓடுகிறது என்பதற்குத்தான் அது முடிவான சான்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண் யாருடையது என்பதற்கு அன்று. சட்டம் பேசுவது "பதிவுதாரர்" பற்றி. கிராமக் கணக்கில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் பதிவுதாரர். உரிமையாளர் வேறு ஒருவராகவும் இருக்கலாம்.

---

கிழக்கு மேற்கு

நான் ஆவண எழுத்தர். இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். பொதுமக்களைப் பொறுத்தவரை சட்டம் தொடங்குவது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் அன்று, 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில்தான். அதன் 21ஆம் பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரணை இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது. நிலமாக இருந்தால் அதன் பெயர், எந்த ஆட்சிப் பிரிவில் இருக்கிறது, பரப்பு, எந்தச் சாலைகளையும் சொத்துகளையும் ஒட்டியிருக்கிறது, யார் அனுபவத்தில் இருக்கிறது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இயன்ற இடங்களில் அரசு வரைபடத்தையோ அளவையையோ சுட்ட வேண்டும். நாங்கள் எழுதும் சொத்து விவரத்தில் புல எண்ணும் நான்குமாலும், அதாவது நான்கு பக்க எல்லைகளும், வருவதன் காரணம் இதுவே.

ஆகவே பட்டாவில் உள்ள 0.47.00 என்ற அளவை அப்படியே எழுதிக் கிரயத்தை முடித்துவிடுவதே நல்லது என்பது என் ஆலோசனை. பட்டாவும் பத்திரமும் ஒத்துப் போனால் பெயர் மாற்றமும் தடையின்றி நடக்கும். மூன்று சென்டுக்காக மூன்று வருடம் அலைய வேண்டாம்.

---

மூன்றாம் வாய்தா

ஆவண எழுத்தர் நண்பர் சொன்ன 21ஆம் பிரிவு சரி. அவருடைய ஆலோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணம் தெரியாமல் குறைந்த அளவை எழுதிக் கொடுத்தால், மீதி மண் தன்னுடையது இல்லை என்று விற்பவரே ஒப்புக்கொண்டதாக நாளைக்கு அந்தப் பத்திரத்தையே காட்டுவார்கள். நான்குமாலும் பரப்பும் முரண்படும்போது பொதுவாக நான்குமாலுக்கே நீதிமன்றங்கள் முதன்மை தருகின்றன என்பது உண்மைதான். அது மாறாத விதி அன்று. ஆவணம் எழுதியவர்களின் உள்ளக்கருத்து என்ன என்ற விசாரணையில் அதுவும் ஒரு படி. தெரிந்தே ஒரு முரண்பாட்டைப் பத்திரத்துக்குள் விதைத்துவிட்டுப் பிறகு விதியை நம்புவது சரியல்ல.

---

வேப்பமரத்தடி

அனைவருக்கும் நன்றி. ஐயா, மேற்குக் கோடு படத்தில் நேராகத்தான் இருக்கிறது. வடக்குக் கோட்டில் கிழக்கு மூலையிலிருந்து 55.0 என்றும், தெற்குக் கோட்டில் 52.0 என்றும் எண்கள் இருக்கின்றன. உள்ளே குறுக்காக ஒரு கோடும் அதன்மேல் சில எண்களும் இருக்கின்றன. அவை எனக்குப் புரியவில்லை. பரப்பு எப்படி வந்தது என்று படத்தில் எங்கேயும் காணோம். பட்டாவில் உள்ள 47.00 எங்கிருந்து வந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

---

ஓய்ந்த சங்கிலி

பட்டாவில் உள்ள பரப்பு புலப்படத்திலிருந்து நேராக வருவதில்லை அம்மா. நடுவில் 'அ' பதிவேடு இருக்கிறது. பேச்சுவழக்கில் ஏ ரிஜிஸ்டர் என்பார்கள். புல எண், உட்பிரிவு, பழைய எண், ரயத்துவாரியா இனாமா, நன்செயா புன்செயா புறம்போக்கா, மண்ணின் வயனமும் ரகமும், தரம், ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற தீர்வை (நில வரி) வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டா எண்ணும் பதிவுதாரர் பெயரும், குறிப்பு என்று வரிசையாகப் போகும். தீர்வை போடுவதற்காகப் பிறந்த பதிவேடு இது. அந்தப் பரம்பரைக் குணம் அதை விட்டு இன்னும் போகவில்லை. மண் ரகத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பதும், எல்லை பற்றி ஒரு சொல்கூட இல்லாததும் அதனால்தான்.

முதலில் அலகைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். உங்கள் பட்டாவின் 0.47.00 ஹெக்டேர் என்பது 47 ஏர், அதாவது 116.14 சென்ட். உங்கள் பத்திரத்தின் 120 சென்ட் 48.56 ஏர் ஆகிறது. கிராமப் பட்டாக்களில் பரப்பை அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதுவதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன், எனவே 48.50 என்று இருந்திருந்தால் எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி முழுமையாக்குவதால் வரக்கூடிய வேறுபாடு அதிகபட்சம் கால் ஏர், ஏறத்தாழ 0.6 சென்ட். உங்கள் வேறுபாடோ 3.86 சென்ட். முழுமையாக்கியதைச் சொல்லி இதை மூடிவிட முடியாது.

அடுத்து, உட்பிரிவுகளைக் கூட்டிப் பாருங்கள். 114/2 பிரிக்கப்படுவதற்கு முன் அதன் மொத்தப் பரப்பு என்ன, பிரித்தபின் 2ஏ, 2பி இரண்டின் கூட்டுத்தொகை என்ன என்று ஒப்பிட வேண்டும். தாய்ப் பரப்பு மாறாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கூட்டுத்தொகை குறைந்திருந்தால் ஏதோ ஒரு பகுதி வாய்க்காலுக்கோ பாதைக்கோ தனி உட்பிரிவாகப் போயிருக்கும். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் உங்களிடம் குறைந்தது பக்கத்து உட்பிரிவில் ஏறியிருக்கும். பழைய 'அ' பதிவேட்டின் நகலையும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போதுதான், அதாவது யு.டி.ஆர். காலத்தில்தான், ஏராளமான உட்பிரிவுகள் செய்யப்பட்டன. வேகமாக நடந்த வேலை அது. நானும் அதற்குப் பின் வந்த திருத்தங்களில் நிறையப் பேனா மையைச் செலவழித்தவன்.

---

வான்வழி

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. செயற்கைக்கோள் படத்தின் மீது புலப்படத்தைப் பொருத்திப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அல்லது செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியால் நான்கு மூலைகளையும் சென்டிமீட்டர் துல்லியத்தில் எடுத்துவிடலாம். பொறியாளரின் 118½ சென்ட்தான் உண்மையான அளவு. பழைய தாள்களை விட நவீனக் கருவியை நம்பலாமே.

---

ஓய்ந்த சங்கிலி

கருவி துல்லியமானதுதான், தம்பி. ஆனால் அது எதை அளந்தது? இன்று இருக்கும் வரப்பை அளந்தது. வரப்பு எல்லையில்தான் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி. நகர்ந்துவிட்ட வரப்பை எத்தனை துல்லியமாக அளந்தாலும் நகர்ந்த வரப்பின் அளவுதான் கிடைக்கும். மேலும், பழைய புலப்படங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையில் கட்டப்பட்டவை அல்ல. கல்லுக்குக் கல் நீளத்தில் கட்டப்பட்டவை. செயற்கைக்கோள் படத்தில் பொருத்துவதற்கு இரண்டு மூன்று அசல் கற்களாவது நிலத்தில் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கல்லைக் கண்டுபிடித்தபின் பொருத்துங்கள், மறுக்கவில்லை.

---

மூன்றாம் வாய்தா

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. அரசின் அதிகாரத்தால் தயாரிக்கப்பட்டதாகத் தோன்றும் வரைபடம் துல்லியமானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. ஆனால் ஒரு வழக்குக்கென்று வரையப்பட்ட வரைபடத்தின் துல்லியத்தை, கொண்டுவருபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பொறியாளரின் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாம் வகைதான். அவர் கூண்டில் ஏறி, எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார், அந்தக் கல் அளவைக் கல்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்ற குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியில் தடுமாறாத பொறியாளரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

---

ஓடைக்கரை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கேள்வியும் புலப்படம் எதைக் காட்டுகிறது என்பதைப் பற்றியதுதான். எங்கள் புலத்தின் குறுக்கே இரட்டைப் புள்ளிக்கோடாக ஒரு வண்டிப்பாதை வரையப்பட்டிருக்கிறது. புலப்படத்தில் பாதை இருப்பதால் அது பொதுப் பாதை என்று பின்னால் இருக்கும் நிலத்துக்காரர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

---

ஓய்ந்த சங்கிலி

அளவை நடந்த நாளில் கண்ணில் பட்ட கிணறு, பாதை, வாய்க்கால், கட்டடம் ஆகியவற்றை நில அளவர் விவரக் குறிப்பாக வரைந்துவைப்பார். புள்ளிக்கோட்டுப் பாதை அப்படிப்பட்ட குறிப்பாக இருக்கலாம். பாதைக்கென்று தனிப் புல எண்ணோ உட்பிரிவோ கொடுக்கப்பட்டு, 'அ' பதிவேட்டில் அதற்கு நேரே புறம்போக்கு, பாதை என்று எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. அது அரசு நிலம். தனி எண் இல்லாமல், பரப்பு முழுவதும் உங்கள் பட்டாவிலேயே இருந்து, படத்தில் மட்டும் புள்ளிக்கோடு இருந்தால், அன்றைக்கு அங்கே வண்டி போய்க்கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறெதையும் அந்தக் கோடு சொல்லவில்லை.

---

மூன்றாம் வாய்தா

அதோடு ஒன்று சேர்க்கிறேன். அன்றைக்கே வண்டி போய்க்கொண்டிருந்தது என்பது வழியுரிமை கோருபவருக்குச் சாதாரணச் சான்று அன்று. நீண்டகால அனுபவத்தால் வந்த வழியுரிமை என்று அவர்கள் வழக்குத் தொடுத்தால் முதலில் தாக்கல் செய்வது அந்தப் புலப்படத்தைத்தான். ஆகவே "வெறும் புள்ளிக்கோடு" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இதை விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

---

வேப்பமரத்தடி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பழைய 'அ' பதிவேட்டு நகல் கிடைத்துவிட்டது. முதலில் "அப்படி ஒன்று இல்லை" என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்தபின் இருந்தது.

பழைய 114/2இன் பரப்பு 2 ஏக்கர் 45 சென்ட். பக்கத்து நிலத்துக்காரர் நல்ல மனிதர். தம் பத்திரத்தைக் காட்டினார். அதில் 1 ஏக்கர் 25 சென்ட் இருக்கிறது. எங்கள் 1 ஏக்கர் 20 சென்ட்டும் சேர்ந்தால் கணக்கு மிகச் சரியாக வருகிறது. இப்போதைய பதிவேட்டில் 2ஏ 0.52.00, 2பி 0.47.00, கூட்டினால் 0.99.00. ஐயா சொன்னபடி தாய்ப் பரப்பு மாறவில்லை. ஒன்றரை ஏர் எங்களிடமிருந்து அங்கே போயிருக்கிறது. ஆனால் உட்பிரிவுக் கோட்டையே தவறாகப் போட்டுவிட்டார்களா, இல்லை எண்ணை மட்டும் தவறாக எழுதினார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. புலப்படத்தில் நான் புரியவில்லை என்று சொன்ன குறுக்குக் கோட்டின் எண்களையும் எழுதி அனுப்புகிறேன். வடக்குக் கோட்டுக்கும் தெற்குக் கோட்டுக்கும் இடையே செங்குத்தாக 90.6 என்று வருகிறது. இரண்டு கோடுகளும் இணையாகவே ஓடுகின்றன என்று தம்பி மகன் பார்த்துச் சொன்னான்.

---

ஓய்ந்த சங்கிலி

இந்த எண்கள் போதும் அம்மா. 55.0, 52.0 இரண்டின் சராசரி 53.5. அதை 90.6ஆல் பெருக்கினால் 4,847 சதுர மீட்டர், அதாவது 48.47 ஏர். அரை ஏருக்கு முழுமையாக்கினால் 48.50. உங்கள் பத்திரத்தின் 120 சென்ட்டும் அதுவே. ஆக, கோட்டைப் போட்டவர் சரியாகப் போட்டிருக்கிறார். பரப்பைக் கணக்கிட்டவரோ, பதிவேட்டில் ஏற்றியவரோ தவறியிருக்கிறார். ஒரு பக்கம் குறைந்ததால் மொத்தம் ஒத்துப் போக வேண்டுமே என்று மறுபக்கத்தில் 50.50க்குப் பதில் 52.00 ஏறியிருக்கிறது. தாய்ப் பரப்பு சரிபார்ப்பில் இந்த வகைப் பிழை அகப்படாது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் உறங்கியிருக்கிறது.

பொறியாளர் சொன்ன 118½ சென்ட்டும் இப்போது விளங்குகிறது. அது 4,795 சதுர மீட்டர். புலப்படத்தைவிட 52 சதுர மீட்டர் குறைவு. 90 மீட்டர் நீளமுள்ள வரப்பு முழுவதும் அரை மீட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ இரண்டடி, உங்கள் பக்கம் நகர்ந்திருந்தால் இவ்வளவு வரும். ஆண்டுதோறும் உழும்போது வரப்பை ஒரு பிடி செதுக்குவது எந்த ஊரிலும் நடக்கும். எவரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

---

கிழக்கு மேற்கு

என் ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 47.00 என்று எழுதியிருந்தால் நானே அந்தப் பிழைக்கு முத்திரைத்தாள் வாங்கிக் கொடுத்தவன் ஆகியிருப்பேன்.

---

மூன்றாம் வாய்தா

உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒரே மனுவில் கலந்துவிடாதீர்கள்.

ஒன்று, பதிவேட்டின் பரப்புப் பிழை. புலப்படத்தின் கோடும் இரண்டு பத்திரங்களும் ஒரே பக்கம் நிற்கின்றன. 'அ' பதிவேடும் அதிலிருந்து வந்த இரண்டு பட்டாக்களும் மட்டும் மறுபக்கம் நிற்கின்றன. எல்லையை மாற்றக் கேட்கவில்லை, எல்லைக்கு ஏற்பப் பரப்பைத் திருத்தக் கேட்கிறோம் என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவில் ஒன்றரை ஏர் குறையப் போவதால் அவருக்கு அறிவிப்புத் தந்து விசாரிக்காமல் பிறப்பிக்கும் ஆணை நிற்காது. அவர் எழுத்தில் சம்மதம் தந்தாலும் அறிவிப்பு அனுப்பப்பட்டதற்கான பதிவு கோப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா உரிமை மூலம் அன்று என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. வருவாய்க் கணக்கின் பதிவுகள் உரிமையை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை என்ற அடிப்படையில்தான் உங்கள் 1968ஆம் ஆண்டுப் பத்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டு, வரப்பு. இதற்கு எல்லை அளந்து காட்டக் கோரும் மனு, பேச்சுவழக்கில் எஃப் லைன் மனு எனப்படுவது, தனியாகக் கொடுக்க வேண்டும். அளந்து கல் ஊன்றியபின்னும் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்த மறுத்தால் அது நீதிமன்ற விஷயம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலான எதிரிடை அனுபவம், அதாவது உரிமையாளருக்கு எதிராக நிலத்தைத் தம் அனுபவத்தில் வைத்திருந்தது, என்ற வாதம் அங்கே வரக்கூடும். நல்ல மனிதர் என்று நீங்களே சொல்வதால் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன்.

சங்கிலி ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. புலப்படம் சொன்னால் முடிந்தது என்ற தொனி உங்கள் பதிவுகளில் இருக்கிறது. 13ஆம் பிரிவின் முடிவான தன்மை, அந்தப் பிரிவின்படி அறிவிப்பு வெளியான அளவைக்கு உரியது. பட்டா மாற்றத்தின்போது நில அளவர் ஒருவர் வந்து வகுத்துச் செல்லும் உட்பிரிவுக் கோட்டுக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது என்று நான் வாதிடுவேன். இந்த வழக்கில் கோடு பத்திரத்தோடு ஒத்துப் போவதால் சிக்கல் இல்லை. முரண்பட்டிருந்தால், உட்பிரிவு செய்த கோப்பில் இரு தரப்புக்கும் அறிவிப்பு போயிருக்கிறதா, அவர்கள் கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடியிருப்பேன்.

---

ஓய்ந்த சங்கிலி

ஒப்புக்கொள்கிறேன், வழக்கறிஞர் ஐயா. ஆனால் வழக்கு மன்றத்துக்குப் போகும் பத்து எல்லைத் தகராறுகளில் பெரும்பாலானவை கல் இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டா. நிலத்திலுள்ள அளவைக் குறிகளைப் பராமரித்துப் புதுப்பிக்கும் கடமையை உங்கள் 1923ஆம் ஆண்டுச் சட்டமே பதிவுதாரர் தலையில்தான் வைத்திருக்கிறது. அதை எவரும் படிப்பதில்லை. கல்லைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகைப் படியாகப் போட்டிருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா, அளக்க வரும் நாளுக்கு முன்பாக வடகிழக்கு, தென்கிழக்கு மூலைகளில் புதர் வெட்டி, ஓரடி ஆழம் மண்ணைப் பறித்துப் பாருங்கள். வெளிப்புலக் கற்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். அந்த இரண்டும் கிடைத்துவிட்டால் 55.0ஐயும் 52.0ஐயும் அங்கிருந்தே பிடித்துவிடலாம்.

---

வேப்பமரத்தடி

பரப்புத் திருத்த மனுவையும் எல்லை காட்டும் மனுவையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டேன். நேற்று ஆள் வைத்துத் தோண்டியதில் தென்கிழக்குக் கல் கிடைத்தது. ஐயா சொன்னதைவிடச் சற்று ஆழத்தில், சாய்ந்த நிலையில் இருந்தது. அதை நிமிர்த்தலாமா என்று வேலையாள் கேட்டார். தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வடகிழக்கில் இன்னும் கிடைக்கவில்லை.

---

ஓய்ந்த சங்கிலி

தொடாமல் விட்டது மிகச் சரி. சாய்ந்த கல்லின் அடிப்பாகம்தான் கணக்கு, தலைப்பாகம் அன்று. இருக்கும் நிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துவிட்டு, அளக்க வருபவரிடம் காட்டுங்கள். வடகிழக்குக் கல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அடுத்த புலமான 115இன் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூலை அதிலும் இருக்கும், அங்கிருந்து பிடிக்கலாம்.